எது போக்கு? எது வரவு?

நுழையும்முன்

பிறமொழிச் சொற்கள் நாள்தோறும் நம் பேச்சில் கலக்கின்றன. அவற்றின் ஒலியை எளிதில் பழகிக்கொள்கிறோம். பொருளை அவ்வளவு கூர்ந்து நோக்குவதில்லை. சென்று திரும்பும் பயணத்தைக் குறிக்கும் சில ஆங்கிலச் சொற்களையும், அவற்றுக்கு ஈடாகத் தமிழில் வழங்கும் சொற்களையும் இப்பாடம் ஒப்பிடுகிறது. சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் ஒருவரின் உரிமையும் அடங்கியிருக்கக்கூடும் என்பதை உணர்த்துகிறது.

ஒரு சொல், பல பொருள்

சென்னையிலிருந்து வடக்கே கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளை நம்பி, பல்லாயிரம் பேர் நாள்தோறும் புறநகர்த் தொடர்வண்டியில் அவ்வூருக்குச் சென்று வருகின்றனர். காலை வேளையில் பயணச்சீட்டு வழங்குமிடத்தில் அடிக்கடி ஒலிக்கும் தொடர், ‘கும்மிடிப்பூண்டி ஒரு ரிட்டர்ன்’ என்பதாகும். கேட்டவருக்குப் போவதற்கும் வருவதற்கும் சேர்த்து ஒரே சீட்டு கிடைக்கிறது. இங்கு ‘ரிட்டர்ன்’ என்பது இருவழிப் பயணம்.

அதே ஊரின் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் சரக்குந்து ஓட்டுநர், ‘ரிட்டர்ன் லோடு கிடைக்கவில்லை’ என்று வருந்துகிறார். கொண்டுவந்த சரக்கை இறக்கிவிட்ட அவருக்கு, ஊர் திரும்பும்போது ஏற்றிச்செல்லச் சரக்கு இல்லை. இங்கு ‘ரிட்டர்ன்’ என்பது பயணத்தின் பின்பாதி மட்டுமே. ‘ரிட்டர்ன் வண்டி’ என்று வாடகை உந்து ஓட்டுநர் கூறுவதும் இப்பொருளிலேயே. ஆலை வாயிலில் ஒருவர் மற்றொருவரிடம், ‘ரிட்டர்ன் எத்தனை மணிக்கு?’ என்று வினவும்போதும் வீடு திரும்பும் நேரமே கேட்கப்படுகிறது.

ஓரே ஊரில், ஒரே நாளில், ஒரே சொல் முழுப்பயணத்தையும் குறிக்கிறது. அதன் பாதியையும் குறிக்கிறது. ஆயினும் எவரும் இடர்ப்படுவதில்லை. இடமும் சூழலும் பொருளை விளக்கிவிடுகின்றன. ஐயம் எழுந்தால் எதிரில் நிற்பவரிடம் கேட்டுத் தெளியலாம். எழுத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை. தாளில் அச்சான சொல், தன்னைப் படிப்பவரின் ஐயத்துக்கு மறுமொழி கூறாது. சிக்கல் அங்குத் தொடங்குகிறது.

ஆங்கிலத்திலும் இருவேறு வழக்குகள்

இக்குழப்பம் தமிழர் உண்டாக்கியதன்று; ஆங்கிலத்தோடு உடன் வந்தது. பிரித்தானிய ஆங்கிலத்தில் ‘ரிட்டர்ன் டிக்கெட்’ என்பது சென்று திரும்புவதற்கான சீட்டு. ஒருவழிச் சீட்டை அங்கே ‘சிங்கிள்’ என்பர். அமெரிக்க ஆங்கிலத்தில் சென்று திரும்பும் சீட்டு ‘ரவுண்ட் டிரிப்’ எனவும், ஒருவழிச் சீட்டு ‘ஒன் வே’ எனவும் வழங்கும். அந்நாட்டில் ‘ரிட்டர்ன்’ என்று தனித்துச் சொன்னால், திரும்பும் பாதியை மட்டும் எண்ணிக்கொள்வோர் பலர்.

இந்தியாவில் இருப்புப்பாதை பிரித்தானியர் வழியே வந்தது. ஆகவே தொடர்வண்டிச் சீட்டில் பிரித்தானிய வழக்கு நிலைத்தது. வானூர்திப் பயணமும் கணினிவழி முன்பதிவும் பரவியபோது அமெரிக்க வழக்கும் உடன் நுழைந்தது. இவ்விரண்டோடு நம் மக்கள் பழக்கிக்கொண்ட மற்றொரு தொடரும் உண்டு. அது ‘அப் அண்ட் டவுன்’. தானி ஓட்டுநரிடம் போகவர வாடகை பேசுவோர் இத்தொடரையே ஆள்கின்றனர். பிரித்தானிய இருப்புப்பாதையில் இலண்டனை நோக்கி வரும் தடத்தை ‘அப்’ என்றும், அந்நகரிலிருந்து விலகிச் செல்லும் தடத்தை ‘டவுன்’ என்றும் குறித்தனர். திசையைச் சுட்டிய அச்சொற்கள், இங்கே ‘போக, வர’ என்னும் பொருளைப் பெற்றன.

சுற்றும் பயணமும் திரும்பும் பயணமும்

‘ரவுண்ட் டிரிப்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘சுற்றுப்பயணம்’ என வரும். ஆனால் தமிழில் சுற்றுப்பயணம் என்பது பல இடங்களைக் கண்டு வருவது. அமைச்சர் மேற்கொள்வது சுற்றுப்பயணம். மாணவர் கல்வியின் பொருட்டு மேற்கொள்வதும் சுற்றுப்பயணம். காலையில் பொன்னேரியிலிருந்து புறப்பட்டு ஆலைக்குச் சென்று மாலையில் வீடு சேரும் தொழிலாளி சுற்றுப்பயணம் செய்பவர் அல்லர்.

தொடர்வண்டித் துறையே இவ்வேறுபாட்டை அறிந்து, ‘சர்குலர் ஜர்னி’ என்னும் தனிவகைச் சீட்டை வழங்குகிறது. புறப்பட்ட நிலையத்திலேயே வந்து முடிந்தாலும், போன வழியே மீளாமல் பல ஊர்களைத் தொட்டு வரும் பயணத்துக்கு உரியது அது. உண்மையான சுற்றுப்பயணச் சீட்டு அதுவே.

உள்ளூர் எடுத்துக்காட்டு ஒன்றும் காணலாம். திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆனால் அவை வெவ்வேறு இருப்புப்பாதைகளில் அமைந்துள்ளன. திருவள்ளூரில் ஏறுபவர் பேசின்பிரிட்ஜ் வரை வந்து வண்டி மாறிக் கும்மிடிப்பூண்டிக்குச் செல்லவேண்டும். அவர் மாலையில் பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் ஊர் திரும்பினால், அவர் வழி ஒரு வட்டமாகிவிடுகிறது. அவர் சுற்றி வந்தார்; எனினும் தொடர்வண்டியில் எடுத்த இருவழிச் சீட்டு அவருக்குப் பயன்படவில்லை. சொற்கள் நெருக்கமானவையாகத் தோன்றினும் அவை குறிக்கும் பயணங்கள் வேறுவேறு என்பதற்கு இதுவே சான்று.

தமிழின் சொல்வளம்

போதலையும் வருதலையும் நுட்பமாக வேறுபடுத்திய மொழி தமிழ். செல், வா, தா, கொடு ஆகிய நான்கு வினைகளின் பயன்பாட்டைத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் வரையறுக்கிறது. வா, தா என்பன தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல், கொடு என்பன படர்க்கைக்கு உரியவை. எங்கே நகர்கிறோம் என்பதை மட்டும் தமிழ் வினை சொல்வதில்லை. பேசுபவரும் கேட்பவரும் நிற்கும் இடத்தை வைத்தே அது அமைகிறது.

சங்க இலக்கியத்தில் ‘செலவு’ என்பது பயணம். ஐங்குறுநூற்றில் பாலைத்திணையின் முதற்பத்து ‘செலவழுங்குவித்த பத்து’ என்று பெயர்பெறும். தலைவன் மேற்கொள்ள எண்ணிய பயணத்தைத் தவிர்க்கச் செய்வது அதன் பொருள். அத்திணையின் இறுதிப்பத்து ‘மறுதரவுப் பத்து’. உடன்போக்கில் சென்ற தலைவி மீண்டு வருதலைக் கூறுவது. முல்லைத்திணையின் இறுதிப்பத்து ‘வரவுச் சிறப்புரைத்த பத்து’. வினைமுடித்த தலைவன் இல்லம் மீளும் சிறப்பைப் பேசுவது. புறப்பாட்டுக்கு ஒரு சொல், வினைமுடித்து வருதற்கு ஒரு சொல், விட்டகன்ற வீட்டுக்கு மீளுதற்கு ஒரு சொல் என மூன்று சொற்கள் அந்நூலின் தலைப்புகளிலேயே அமைந்துள்ளன.

இன்று ‘செலவு’ பணத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. கையைவிட்டுச் செல்வது செலவு. கைக்கு வருவது வரவு. பழைய பயணச் சொற்கள் கணக்கேட்டில் குடியேறிவிட்டன. எனினும் அவற்றின் உறவுச் சொல்லான ‘போக்குவரத்து’ இன்றும் சாலையிலேயே நிற்கிறது. போக்கும் வரத்தும் இணைந்த சொல் அது. ஆங்கிலத்தின் ‘டிரான்ஸ்போர்ட்’ கொண்டுசெல்வதை மட்டும் சுட்ட, தமிழ்ச்சொல் திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்கிறது. விடைபெறும்போது ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ என்று கூறும் மரபும் அத்தகையதே.

தெரிந்து தெளிவோம்

‘திரும்பினான்’ என்னும் சொல் தனித்து நின்றால் திசை விளங்காது. ‘திரும்பி வந்தான்’ எனில் பேசுபவர் இருக்கும் இடத்தை அடைந்தான் என்பது பொருள். ‘திரும்பிப் போனான்’ எனில் அவ்விடத்தைவிட்டு அகன்றான் என்பது பொருள். ‘வா’, ‘போ’ என்னும் இரு வினைகளே இவ்வேறுபாட்டை உணர்த்துகின்றன.

சட்டத்தில் ஒரு சொல்

சொல்லாராய்ச்சி வகுப்பறையோடு முடிவதன்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் தமிழகத்தாரோடு பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் உழைக்கின்றனர். அத்தகையோருக்காக நாடாளுமன்றம் 1979 ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின் 15 ஆம் பிரிவு பயணப்படியைப் பற்றியது. தொழிலாளியின் சொந்த ஊரிலிருந்து வேலை செய்யும் இடம்வரையிலான கட்டணத்துக்குக் குறையாத தொகையை, ‘அவுட்வர்ட்’ பயணத்துக்கும் ‘ரிட்டர்ன்’ பயணத்துக்கும் ஒப்பந்தக்காரர் வழங்கவேண்டும் என்றது அது. பயண நாள்களுக்கும் பணியில் இருந்ததாகக் கருதி ஊதியம் வழங்கவேண்டும் என்றும் கூறியது.

இங்கே ‘ரிட்டர்ன்’ என்பது ஊருக்கு மீளும் பாதி மட்டுமே. முன்பாதிக்கு ‘அவுட்வர்ட்’ என்னும் தனிச்சொல் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே தொழிலாளியின் உரிமை முழுமை பெறுகிறது. இப்போது ஓர் அறிவிப்பைக் கற்பனை செய்துகொள்ளலாம்: ‘தொழிலாளர்களுக்கு ரிட்டர்ன் கட்டணம் வழங்கப்படும்.’ பயணச்சீட்டு வழங்குமிடத்தில் பழகிய தொழிலாளி, போகவும் வரவும் பணம் கிடைக்கும் என்று எண்ணுவார். கணக்கு எழுதுபவரோ திரும்பும் பாதிக்கு மட்டும் பணம் ஒதுக்கலாம். இருவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். இருவர் கொண்ட பொருளுக்கும் சான்று உண்டு. ஆனால் இடையில் நிற்பது ஒரு தொடர்வண்டிக் கட்டணம். நாட்கூலி பெறும் ஒருவருக்கு அது சிறிய தொகையன்று.

1979 ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒருங்கிணைத்து 2020 ஆம் ஆண்டில் பணிசார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 61 ஆம் பிரிவு இப்பயணத்துக்கு ‘டு அண்ட் ஃப்ரோ’ என்னும் தொடரைக் கையாள்கிறது. வேலை செய்யும் இடத்திலிருந்து சொந்த ஊருக்குப் போகவர ஆகும் கட்டணத்தை, ஆண்டுக்கு ஒரு மொத்தத் தொகையாக வேலையளிப்பவர் தரவேண்டும் என்பது அதன் கருத்து. எத்தனை காலம் பணியாற்றியவருக்கு, எந்த வகுப்பில் பயணம் என்பன போன்றவை விதிகளுக்கு உரியவை. ‘டு அண்ட் ஃப்ரோ’ என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. இரு பாதியும் அதில் அடங்கும். ‘போகவர’ என்னும் தமிழ்ச்சொல்லுக்கு நேர் ஈடானது அது.

எங்கிருந்து அளப்பது?

இவ்விரு சட்டத் தொடர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மற்றொன்றும் புலப்படும். முதற்சட்டம் பயணத்தைச் சொந்த ஊரிலிருந்து தொடங்கியது. ஆலைக்குச் செல்வது போக்கு. ஊருக்கு மீள்வது வரவு. இரண்டாம் சட்டம் வேலை செய்யும் இடத்திலிருந்து அளக்கிறது. ஊருக்குச் செல்வது போக்கு; ஆலைக்கு மீள்வது வரவு. பாதை ஒன்றே, தொலைவு ஒன்றே, நிற்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. ஆண்டுதோறும் விடுப்பில் ஊர் சென்று வருபவரைக் கருதியது அம்மாற்றம் எனலாம். ஆயினும் ‘ரிட்டர்ன்’ என்னும் சொல்லை மட்டும் எழுதிவிட்டால், எவ்விடத்திலிருந்து அளக்கிறோம் என்பது மறைந்துபோகும் என்பதை இது காட்டுகிறது.

2020 ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றால் நாடு முடங்கியது. மே முதல் நாளிலிருந்து தொழிலாளர்களுக்கான சிறப்புத் தொடர்வண்டிகள் இயக்கப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்தும் ஏராளமானோர் தம் ஊர்களுக்குச் சென்றனர். அந்நிகழ்வை ஆங்கில ஏடுகள் பல ‘ரிவர்ஸ் மைக்ரேஷன்’ என்று எழுதின. நகருக்கு வருவதே நேரான திசை, வீட்டுக்குப் போவது தலைகீழான திசை என்னும் எண்ணம் அச்சொல்லில் ஒளிந்திருக்கிறது. வீட்டில் வழிபார்த்து நின்ற தாய்க்கு அது தலைகீழான பயணமன்று, மகனின் வரவு. சில திங்கள் கழித்து அம்மகன் மீண்டும் ஆலைக்குப் புறப்பட்டபோது, ‘தொழிலாளர் திரும்பினர்’ என்று நகரத்துச் செய்தி கூறியது. தாய்க்கோ அது பிரிவு. ஒரே பயணத்தை இருவர் இருவேறு சொற்களால் குறிக்கின்றனர். இருவர் கூற்றும் உண்மையே. எனினும் எழுதுபவர் எவர் பக்கம் நின்று எழுதுகிறார் என்பதை அவர் தேர்ந்த சொல் காட்டிக்கொடுக்கிறது.

போகாதவர் திரும்ப இயலுமா?

திரும்புதல் என்றால் முன்னரே ஒருமுறை போயிருக்கவேண்டும். இவ்வெளிய உண்மையை மறந்த சொல்லாட்சிகளும் உண்டு. 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, மலையகத் தமிழர் பல இலட்சம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதென முடிவாயிற்று. அவ்வாறு வந்தோரை ‘தாயகம் திரும்பியோர்’ என்று அலுவல் ஏடுகள் குறித்தன. அவர்களுள் பலர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலேயே பிறந்தவர்கள். இந்தியாவை முன்பு கண்டறியாதவர்கள். அவர்கள் பாட்டனார் சென்றார், பேரர் ‘திரும்பினார்’.

கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உள்ளது. உள்நாட்டுப் போரினால் கடல் கடந்து வந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அங்கு வாழ்கின்றனர். தமிழ்நாடு அரசு 2021 ஆம் ஆண்டில் அத்தகைய முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றம் செய்தது. ‘அகதி’ என்னும் சொல்லை விலக்கியது அம்மாற்றம். ஒரு சொல் மனிதரின் மதிப்போடு தொடர்புடையது என்பதை அரசே ஏற்றதற்கு அது சான்று. முகாமிலே பிறந்து, திருவள்ளூர் மாவட்டப் பள்ளியிலே படித்த ஓர் இளைஞரிடம் ‘எப்போது நாடு திரும்புவீர்?’ என்று வினவினால், அவர் எத்திசையை நோக்குவார்? தாமே விரும்பி மீளுதல், அரசுகளின் உடன்பாட்டால் அனுப்பப்படுதல், வலிந்து வெளியேற்றப்படுதல் ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. அவை அனைத்தையும் ‘திரும்புதல்’ என்னும் ஒன்றாலே தமிழாக்கினால், செய்தியின் உயிரான வேறுபாடு மறைந்துவிடும்.

சொல்லைத் தேர்வது எவ்வாறு?

‘ரிட்டர்ன் என்றால் எல்லார்க்கும் விளங்குகிறதே, அதை ஏன் மாற்றவேண்டும்?’ என்று கேட்போர் உளர். அவ்வினாவில் நியாயம் இருக்கிறது. நாள்தோறும் பயணச்சீட்டு வாங்குவோர் வாயில் பழகிய சொல்லை எவரும் பறிக்கவேண்டியதில்லை. வழக்கில் வேரூன்றிய சொல் அங்கே தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. ஆனால் விண்ணப்பம், ஒப்பந்தம், அறிவிப்பு, செய்தி, பாடநூல் ஆகியவற்றில் நிலைமை வேறு. அங்கே சொல் தனித்து நின்று பொருள் தரவேண்டும். ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதுவதும், சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் ‘சுற்றுப்பயணம்’ ஆக்குவதும் ஒருபோலப் பிழையானவை. முன்னது ஐயத்தை நீக்காது விடுகிறது. பின்னது புதிய ஐயத்தைப் படைக்கிறது.

மொழிபெயர்ப்பவர் தமக்குள் மூன்று வினாக்களை எழுப்பிக்கொண்டால் போதும். பயணம் முழுமையா, பாதியா? எவ்விடத்திலிருந்து அளக்கப்படுகிறது? செல்பவர் தாமே செல்கிறாரா, அனுப்பப்படுகிறாரா? முழுமையெனில் ‘போகவர’, ‘சென்று வர’ என்னும் தொடர்கள் உள்ளன. ‘இருவழிப் பயணச்சீட்டு’ என்பதும் பொருந்தும். பின்பாதி மட்டுமெனில் ‘மீள்பயணம்’, ‘திரும்பும் பயணம்’ எனலாம். பல ஊர்களைத் தொட்டு வருவதெனில் ‘சுற்றுப்பயணம்’. பிறர் அனுப்புவதெனில் ‘திருப்பி அனுப்புதல்’ என்று வெளிப்படையாகவே எழுதலாம். சட்டமும் பணமும் தொடர்புடைய இடங்களில் ‘ஊரிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து ஊருக்கும்’ என்று விரித்தெழுதுவதே நன்று. நான்கு சொற்கள் கூடினால் தாளுக்குக் கேடில்லை. ஒரு சொல் குறைந்தால் தொழிலாளியின் கட்டணம் குறையக்கூடும்.

மொழிப்பற்று என்பது பிறமொழிச் சொல்லை வெறுப்பதன்று. எம்மொழிச் சொல்லாயினும் அதன் பொருளை அறிந்து ஆள்வதே ஆகும். கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் காலை வண்டியில் அருகருகே இருவர் நிற்கின்றனர். ஒருவர் மாலையில் பொன்னேரியில் உள்ள தம் வீட்டை அடைவார். மற்றொருவர் தம் வீட்டைக் காண அடுத்த விடுப்புவரை காத்திருப்பார். இருவர் பயணத்துக்கும் ‘ரிட்டர்ன்’ என்னும் ஒரு சொல்லே இன்று வழங்குகிறது. அதனுள் அடங்கிய இரு வாழ்க்கைகளையும் வேறுபடுத்திச் சொல்லும் ஆற்றல் தமிழுக்கு உண்டு. அதைப் பயன்படுத்தும் கடமை எழுதுவோருக்கு உண்டு.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் ‘ரிட்டர்ன்’, ‘அப் அண்ட் டவுன்’, ‘சிங்கிள்’ ஆகியவை வழங்கும் இடங்களைக் கேட்டறிந்து, ஒவ்வோரிடத்திலும் அவை தரும் பொருளை அட்டவணைப்படுத்துக.

2. ‘ஊருக்குப் போய் வருகிறேன்’, ‘வேலைக்குப் போய் வருகிறேன்’ என்னும் இரு தொடர்களிலும் பேசுபவர் எவ்விடத்தைத் தம் இடமாகக் கருதுகிறார் என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.

3. புலம்பெயர் தொழிலாளர்க்கான பயணப்படி குறித்து, ஐயத்துக்கு இடமில்லாத ஓர் அறிவிப்பைத் தமிழில் எழுதுக.